ஓடாத மெஷினுக்கு ஓடிய கதை

என் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் இப்போது மூன்று பழைய தையல் மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று தினமும் ஓடுகிறது. ஒன்று அதற்கு மனசு வந்தால் ஓடும். மூன்றாவது, ஆடிக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. மூன்றுக்கும் சேர்த்துப் பதினாலு மாதமும் 35,700 ரூபாயும் போயின. தொகை எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்றால், செட்டி வீட்டில் பிறந்துவிட்டுக் கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. வீட்டில் ஒருவரிடமும் அந்த நோட்டைக் காட்டவில்லை. வாங்கும் முன்னால் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய வீட்டைப் பங்கு பிரித்தபோது பித்தளையும் மங்குச் சாமானும் பர்மா மரப்பெட்டிகளும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியை மட்டும் கேட்பாரில்லை. திறந்தால் இருபத்திரண்டு கண்டாங்கிச் சேலை. அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு, பெரிய கட்டம், உள்ளங்கை அகலத்துக்குக் கரை. 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் புதுச்சேலை வாங்கினார்கள். பழசை யார் கட்டுவது? பாதி இற்றுப்போயிருந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகள்தான் செல்போனில் படங்கள் அனுப்பினாள். துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வைகள். வெளிநாட்டில் குயில்ட் என்கிறார்கள். எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பழஞ்சேலையை மடித்துத் தைத்துப் போடுவோமே, அதன் பணக்கார அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் மெஷின் ஒன்று இருந்தது. பிளவுஸ் தைக்கப் போதும். கண்டாங்கிக் கரை இரண்டு மடிப்பாகச் சேரும் இடத்தில் அது முனகி நின்றுவிடும். ஒரே மத்தியானத்தில் நாலு ஊசி ஒடிந்தன. இரும்பில் செய்த பழைய கறுப்பு மெஷின்தான் இதற்குச் சரி என்று தோன்றியது. அது தப்பான எண்ணமில்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். வாங்கிய விதம்தான் தப்பு.

முதல் மெஷினைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கினேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கதவு நிலை, மங்கு அடுக்கு, ரவிவர்மா படம் இவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன சிங்கர், கையால் சுற்றுவது. கறுப்பு உடம்பில் தங்கப் பூவேலை, வளைந்த மரமூடி. கைப்பிடியைச் சுற்றினேன், வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. "ஓடுமான்னு எனக்குத் தெரியாது ஆச்சி, ஹோட்டல்காரங்க ஷோவுக்குத்தான் வாங்கிட்டுப் போவாங்க" என்று நேராகவே சொன்னான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. 8,500 ரூபாய். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஊசி மாட்டிச் சுற்றினால் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, ஊசி இறங்கவில்லை. சக்கரத்தின் நடுவில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பாபினில், அதாவது அடிநூல் வைக்கும் சின்ன உருளையில், நூல் சுற்றும்போது அதைத் தளர்த்திவிட்டால் சக்கரம் தனியாகச் சுற்றும், மெஷின் அசையாது. அந்தக் குமிழ் தளர்ந்து கிடந்திருக்கிறது. இறுக்கிவிட்டுச் சுற்றினேன். கல். ஒரு நூலளவுகூட நகரவில்லை. கடையில் சக்கரம் லேசாகச் சுற்றுகிறது என்று யாராவது காட்டினால், முதலில் அந்தக் குமிழை இறுக்கச் சொல்லுங்கள். ஊசித்தண்டு மேலே போய்க் கீழே வருகிறதா, துணியைத் தள்ளும் பல் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.

இறுகியதற்கு எண்ணெய்தானே மருந்து என்று அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து ஓட்டை ஓட்டையாக விட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னும் இறுகியது. அதோடு விட்டேனா? மேலே ஒட்டியிருந்த பழுப்புப் பிசுக்கைத் துடைக்கலாம் என்று ஊசி போடுவதற்கு முன்னால் தடவும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துக் கையை ஓட்டினேன். முதல் இழுப்பில் பஞ்சு பழுப்பானது, அழுக்கு வருகிறது என்று சந்தோஷம். இரண்டாவது இழுப்பில் பஞ்சில் பொன்னிறம். மூன்றாவது இழுப்புக்கு மெஷினைப் பார்த்தால் ஒரு பூவின் மூன்று இதழைக் காணோம். அந்தத் தங்கப் பூவேலைக்கு மேல் அரக்குப் பூச்சு ஒன்று இருக்கும். அது சாராயத்தில் கரையும். ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் மருந்து எதுவும் கிட்டே போகக்கூடாது. மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, மெதுவாக வட்டமாகத் தடவி, உலர்ந்த பனியன் துணியால் துடைத்தால் போதும். நாலைந்து நாள் எடுக்கும், எடுக்கட்டும். அந்த மொட்டைப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் வயிறு கலங்கும். ஏறக்குறைய நூறு வருஷம் தாங்கிய பூ, என் கையில் ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

தேவகோட்டையில் ஒரு பாய் இருக்கிறார், எழுபது வயசு, டெய்லர் கடைகளுக்கு மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். வந்து அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எவனோ தேங்காயெண்ணெய் விட்டிருக்கான் ஆச்சி. சமையல் எண்ணெய் காஞ்சா பிசினாப் போயிரும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். உலோகம் உலோகத்தோடு உரசும் இடமெல்லாம் பார்த்து, இங்க் ஃபில்லரில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார், பூவேலையில் படாமல். பிறகு மெஷினைத் தூக்கி முற்றத்தில் வெயிலில் வைக்கச் சொன்னார். சித்திரை மாதம், செட்டிநாட்டு வெயிலைச் சொல்ல வேண்டுமா? இரும்பு சூடேறினால் காய்ந்த எண்ணெய் இளகும். மத்தியானம் எடுத்து, சக்கரத்தை வம்பு பண்ணாமல் முன்னும் பின்னும் லேசாக அசைத்தார். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி வெயில். மூன்றாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தம், ஊசித்தண்டு இறங்கியது. மண்ணெண்ணெய் பிசுக்கை எடுக்கத்தான், ஓட்ட உதவாது. துடைத்துவிட்டு நல்ல மெஷின் எண்ணெய் விட்டே ஆகவேண்டும். அவர் கூலி 1,500.

இனி தைக்கலாம் என்று நினைத்தேன். பாய் ஊசிக்குக் கீழே, துணி ஓடும் இடத்தில் இருக்கும் தகட்டை இழுத்துத் திறந்து, "ஷட்டில் எங்க?" என்றார். ஷட்டிலா? இந்தச் சின்ன சிங்கர், 128 என்ற மாடல். நாம் பார்த்துப் பழகிய வட்ட பாபின் இதில் கிடையாது. சிறுவிரல் நீளத்துக்கு ஒல்லியான பாபின், அதை விழுங்கிக்கொண்டு ஊஞ்சல்போல ஆடும் ஒரு ஷட்டில். அது இல்லையென்றால் அடிநூல் இல்லை, தையல் இல்லை. பழைய மெஷின்களில் முதலில் தொலைவது இதுதான். நான் அவசரப்பட்டு ஒருவரிடம் 1,200 ரூபாய்க்கு ஒரு ஷட்டில் வாங்கினேன், அது படகு வடிவத்தில் இருந்தது. அதைவிடப் பழைய, வேறு ஜாதி மெஷினுடையது. என்னுடையதற்குத் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு முனை கூர்மையாக இருக்க வேண்டும். சரியான ஷட்டிலும் ஐந்து பாபினும் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது, 2,600 ரூபாய். புதிதாக வார்த்த உதிரி என்பதால் விளிம்பு சொரசொரவென்று நூலை அறுத்தது. பாய் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார்.

ஆகவே மெஷின் பார்க்கப் போகும்போது தகட்டைத் திறக்காமல் காசை எடுக்காதீர்கள். உள்ளே வட்ட பாபினும் பாபின் கேஸும் இருந்தால் கவலை இல்லை. சிங்கரின் 15-ஆம் மாடல் வகை அது. உஷா, மெரிட் என்று நம் வீடுகளில் ஓடிய கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் அந்த அமைப்புதான், உதிரி எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். நீள பாபினாக இருந்தால் ஷட்டில் உள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விலையில் மூவாயிரமாவது குறைக்கச் சொல்லுங்கள். நல்லவேளை, ஊசி இதற்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசியேதான். ஊசியை எந்தப் பக்கமாக மாட்டுவது என்று குழப்பம் வரும். நூல் கடைசியாக நுழையும் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ, ஊசியில் நீளப் பள்ளம் அந்தப் பக்கம் வர வேண்டும்.

அந்த ஐந்து மாதக் காத்திருப்பில்தான் நான் கெட்டுப்போனேன். ராத்திரி முழுக்கப் பழைய மெஷின்களைப் பற்றியே படிப்பது. என்னுடையதில் இரும்பு அடிப்பலகையில் பொறித்திருந்த எண் ஆங்கில ஒய் எழுத்தில் தொடங்கியது. அப்படியென்றால் ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஆலையில், 1921-க்கும் 1935-க்கும் இடையில் செய்தது. அந்த ஆலை 1885-இல் திறந்து 1980-இல் மூடியது. ஸ்காட்லாந்தில் பிறந்து, கப்பலேறி, எந்த வீட்டு ஆச்சிக்குச் சீராக வந்ததோ, இப்போது என் முற்றத்தில் வெயில் காய்கிறது. இப்படியெல்லாம் நினைக்க ஆரம்பித்தால் கையில் காசு நிற்காது. எந்திரம் என்றாலே யோசித்த காந்தியே சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார், நான் எம்மாத்திரம்?

அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வந்தார். பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிய வீடு, 1910 மெஷின், காலால் மிதிப்பது, இரும்பு ஸ்டாண்டோடு, 18,000 ரூபாய். நான் தயங்கியதும் குரலைத் தாழ்த்தி, "இந்த மெஷின் ஊசியில சிவப்புப் பாதரசம் இருக்கும் ஆச்சி, செல்போனைக் கிட்டக் கொண்டுபோனா லைன் கட்டாயிரும், வெளியூர்க்காரன் லட்சத்துக்குக் கேப்பான்" என்றார். 2009-இல் சவுதி அரேபியாவில் இதே புரளி கிளம்பி, பழைய சிங்கர்களை ஆயிரக்கணக்கான ரியால் கொடுத்து வாங்கினார்கள் என்று படித்திருந்தேன். சிவப்புப் பாதரசமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊசி ஊசிதான். நம் ஊர் இரிடியக் கலசக் கதையின் சித்தப்பா மகன். அவரை மடக்கிவிட்ட பெருமையில், விலையை 14,000-க்குக் குறைத்ததும் வாங்கிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் வந்த அன்றைக்குத்தான் கூடுதலாக ஏமாறுகிறோம்.

பாய் வந்து பார்த்ததும் சிரித்துவிட்டார். முகத்தகட்டில் ஒரு திருகைக் காட்டினார். தலையில் கூட்டல் குறி. 1910 மெஷினில் அந்தத் திருகு கிடையாது, ஒற்றைக் கோடு போட்ட திருகுதான். தங்கப் பூவேலையை நகத்தால் தடவினால் ஸ்டிக்கர் விளிம்பு தட்டுகிறது. எண் அடிப்பலகை இரும்பில் பொறித்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெயின்ட். ஸ்டாண்டு பழசு, தலை புதுசு, அதன் மேல் பழைய பெயர். "ஐயாயிரம் பெறும் ஆச்சி" என்றார். தரகர் போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. ஆனால் இன்றைக்குத் தினமும் ஓடுகிறதே, அது இந்தப் போலிதான். வட்ட பாபின், பத்து ரூபாய் உதிரி, மிதித்தால் இரண்டு கையும் துணிக்குக் கிடைக்கும். தையலுக்கு வயசு தெரியாது.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் ஒருவர் படம் போட்டிருந்தார். சுற்றிக் காட்டும் வீடியோ, பொறித்த எண் எல்லாம் கேட்டு வாங்கிச் சரிபார்த்தேன். பாடம் படித்தவளாயிற்றே. 11,000 மெஷினுக்கு, 900 லாரி பார்சலுக்கு. பெட்டியைத் திறந்தால் அடிப்பலகை மூலையோடு பிளந்து கிடந்தது. வார்ப்பிரும்பு அடிபட்டால் நெளியாது, உடையும். உடைந்தால் சாதாரண வெல்டிங்கில் பிடிக்காது. பழையதுணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள். சண்டை போட்டு 4,000 திரும்ப வாங்கினேன். பார்சலில் வர வேண்டுமென்றால் தலையை மரப்பலகையிலிருந்து கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், நூல்கட்டைக் கம்பியைக் கழற்ற வேண்டும், சக்கரம் பெட்டிச் சுவரில் படக்கூடாது, இரண்டு பெட்டி ஒன்றுக்குள் ஒன்று. விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் பஸ் ஏறிப் போய் மடியில் தூக்கி வாருங்கள். மோட்டார் வைத்தது என்றால் இன்னொன்றும் பாருங்கள்: மோட்டார் தகட்டில் 110 வோல்ட் என்றிருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்தது, நம் 230-இல் நேராகச் செருகினால் போச்சு. வயரில் ரப்பர் வெடித்திருந்தாலும் செருகாதீர்கள்.

சரி, போர்வை. முதல் போர்வைக்கு நடுவில் இலவம் பஞ்சு வைத்தேன், மெத்தைக்கு வைப்பதுதானே என்று. அது ஒரு இடத்தில் நிற்காமல் நகர்ந்து மூலையில் திரண்டது. தையல் ஓட்டை வழியாகப் பறந்து, ஷட்டிலுக்குள் புகுந்து, எனக்கு ஒரு வாரம் இருமல். பிரித்துப் போட்டுவிட்டேன். இப்போது பழைய வேட்டி இரண்டு மடிப்போ, தேய்ந்த பருத்திப் போர்வையோதான் நடுவில். நம் ஊர் சூட்டுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. சேலையை வெட்டும் முன்னால் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடத்தில் வெளிச்சம் சல்லடையாக வரும், அதை ஒதுக்கிவிடுங்கள். முந்தானையும் கரையும் எப்போதும் கெட்டி. அரக்கு நிறத்தை ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஏறினால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். பழந்துணி கத்திரிக்குக் குழையும். அதற்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வெட்டினால் ஓலைபோல நிற்கும்.

துண்டுகளை ஒட்ட, விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தையல், 14-ஆம் நம்பர் ஊசி. எல்லாத் தையலும் ஒரே அளவாக இருந்தால்தான் கட்டங்கள் நேராகச் சேரும், அதற்காக ஊசித்தகட்டில் ஒரு பிளாஸ்திரியை அடையாளமாக ஒட்டியிருக்கிறேன். தகட்டின் எஃகில் மட்டும் ஒட்டுங்கள், பெயின்டில் ஒட்டினால் உரிக்கும்போது பூவும் வரும். மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது 16-ஆம் நம்பர் ஊசி, அதற்கு முன்னால் நாலு விரல் இடைவெளியில் கையால் பெரிய ஓட்டுத் தையல். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் அடித்துணி சுருக்கம் சுருக்கமாக மடியும், நான் விட்டேன், மடிந்தது. கையால் சுற்றும் சின்ன சிங்கரில் ரிவர்ஸ் கிடையாது, துணியைத் திருப்பித்தான் முடிய வேண்டும். வலது கை சக்கரத்துக்குப் போய்விடும் என்பதால் பெரிய போர்வைக்கு ஆகாது. ஆனால் சின்னத் துண்டுகளை ஒட்ட அதைப்போல இன்னொன்று இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு சில தையல், எந்த இடத்தில் நிறுத்த நினைக்கிறோமோ அந்த இடத்தில் ஊசி நிற்கும்.

அப்பத்தா சேலைகளில் ஒன்பது முடிந்து இரண்டு போர்வை ஆகியிருக்கிறது. மகள் ஒன்றை எடுத்துப் போனாள். மெஷின் பார்க்கப் போவதற்கென்று ஒரு மஞ்சப்பை தயாராக ஆணியில் தொங்குகிறது. இரண்டாக மடித்த துணி, நூல்கட்டை, ஒரு நல்ல ஊசி, வட்ட பாபின் ஒன்று, நீள பாபின் ஒன்று, டார்ச், எண்ணெய் டப்பா. போன வெள்ளிக்கிழமை கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், ஆயா காலத்து மெஷின் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. குமிழை இறுக்கிச் சுற்றச் சொன்னேன். சுற்றவில்லை என்றார். தகட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பாச்சை முட்டைதான் இருக்கிறது என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், "பூ வேலை மட்டும் அப்படியே இருக்கு ஆச்சி" என்றார். என்ன விலை என்று கேட்டுவிட்டேன்.